கட்டாயக் கணக்கும் தன்விருப்பக் கூட்டுறவும்: அமெரிக்கத் தூய்மைக்கேட்டுத் தடுப்பு வரலாற்றில் ஒரு நோக்கு (1984–2011)

முன்னுரை

தொழிற்சாலைகளால் விளையும் தூய்மைக்கேட்டைக் குறைக்க அரசாங்கங்கள் பொதுவாக இரு வழிகளைக் கையாண்டு வந்துள்ளன. சட்டம் இயற்றி, அளவு வகுத்து, மீறியோருக்குத் தண்டம் விதிப்பது முதல் வழி. தொழில் நிறுவனங்களை அழைத்துப் பேசி, அவை தாமே முன்வந்து ஓர் இலக்கை ஏற்குமாறு செய்வது இரண்டாம் வழி. இவ்விரண்டாம் வழி 1990களில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெருவழக்குப் பெற்றது. பின்னர் நம் வட்டாரம் உட்படப் பல நாடுகளிலும் அது வேரூன்றியது.

இவ்வழி குறித்து அறிஞர்களிடையே இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. தண்டத்திற்கு அஞ்சிச் செய்வதைவிட மனமுவந்து செய்வதே நிலைத்த பயன் தரும் என்பர் ஒரு சாரார். தொழில் நிறுவனங்கள் சட்டத்திலிருந்து தப்பித்துக்கொள்ளப் போர்த்திக்கொள்ளும் போர்வையே இது என்பர் மறு சாரார். வரலாற்றை நுணுகி நோக்குங்கால், இவ்விரு கருத்துகளும் முழுமையானவை அல்ல என்பது புலப்படுகின்றது. தன்விருப்பத் திட்டங்கள் பயன் தந்த இடங்களில், அவற்றின் அடியில் சட்டத்தின் கட்டாயத்தால் பெறப்பட்ட, யாவரும் பார்க்கக்கூடிய ஒரு கணக்கோ, பிறரால் சரிபார்க்கப்பட்ட ஒரு சான்றோ இருந்தது. அஃது இல்லாத இடத்தில் கூட்டுறவு பெயரளவில் நின்றது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்கணக்கு பிறக்கக் காரணமான நிகழ்வு இந்தியாவின் நகரம் ஒன்றில் நடந்தது. ஆதலின், இவ்வரலாறு இந்திய ஆய்வியல் துறையினர்க்கு அயலானதன்று.

சொல்லும் பொருளும்

முதற்கண் ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகின்றது. இத்தகைய திட்டங்களைத் தமிழில் 'தன்னார்வத் திட்டங்கள்' என்று குறிப்பிடுவோர் உளர். தன்னார்வம் என்னும் சொல் இன்று தொண்டு மனப்பான்மையோடு இணைந்து வழங்குகின்றது. கைம்மாறு கருதாது உதவுவோரைத்தான் தன்னார்வலர் என்கிறோம். ஒரு தொழில் நிறுவனம் அரசாங்கத்தோடு கைகோக்கும்போது அதனை இயக்குவது தொண்டுள்ளம் மட்டும் அன்று. செலவு குறையும் என்னும் கணிப்பு, நற்பெயர் கிட்டும் என்னும் ஆசை, கடுமையான சட்டம் வந்துவிடுமோ என்னும் அச்சம் ஆகியவை அதில் கலந்திருக்கும். ஆகவே, இக்கட்டுரையில் 'தன்விருப்பம்' என்னும் சொல்லையே ஆளுகிறோம். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதை மட்டுமே அச்சொல் உணர்த்தும். உள்ளத்தின் தூய்மைக்கு அது சான்று கூறாது.

சட்ட வழியின் எல்லை

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970ஆம் ஆண்டு டிசம்பரில் தோற்றுவிக்கப்பட்டது. தூய காற்றுச் சட்டம் 1970இலும் தூய நீர்ச் சட்டம் 1972இலும் நடைமுறைக்கு வந்தன. இச்சட்டங்களால் காற்றும் நீரும் பெருமளவு தூய்மை பெற்றன என்பதில் ஐயமில்லை. எனினும் அவற்றில் ஒரு குறை இருந்தது. காற்றுக்கு ஒரு சட்டம், நீருக்கு ஒரு சட்டம், கழிவுக்கு ஒரு சட்டம் எனப் பகுத்துச் செயற்பட்டமையால், புகைபோக்கியில் வடிகட்டிய நச்சு திடக்கழிவாகி நிலத்தைச் சேர்ந்தது. நீரிலிருந்து பிரித்தது ஆவியாகிக் காற்றில் கலந்தது. நஞ்சு இடம் மாறியதேயன்றி அழியவில்லை. குழாயின் முனையில் நின்று பிடிப்பதைவிட, உற்பத்தியின் தொடக்கத்திலேயே நச்சைப் பயன்படுத்தாதிருப்பது நன்று என்னும் எண்ணம் மெல்ல வலுப்பெற்றது.

இவ்வெண்ணத்தை முதலில் பரவலாக்கியவற்றுள் ஒரு தனியார் நிறுவனமும் உண்டு. 'திரீ எம்' நிறுவனம் 1975இல், தூய்மைக்கேட்டைத் தடுப்பது ஊதியம் தரும் என்னும் பொருள்படப் பெயரிட்டு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் பொறியியலாளர் ஜோசப் லிங் அதற்கு வித்திட்டவர். கழிவு என்பது காசு கொடுத்து வாங்கிய மூலப்பொருள் வீணாவதே என்பது அவர்தம் வாதம். இந்தக் கணக்கு அறநெறியால் அன்றி வணிக அறிவால் போடப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

போபாலும் பதிவேடும்

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவையொட்டி, மத்தியப் பிரதேசத்தின் போபால் நகரில் இயங்கிய யூனியன் கார்பைடு இந்தியா நிறுவனத்தின் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சு வாயு கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்த மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். இன்னும் பன்மடங்கினர் ஆயுட்கால நோயாளிகளாயினர். தொழிற்சாலையை ஒட்டி வாழ்ந்த ஏழை மக்களுக்கு உள்ளே என்ன இருக்கின்றது என்பது தெரியாது. கசிவு நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அதே வாயுவை அதே குழுமம் அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியா மாநிலத்திலும் உற்பத்தி செய்து வந்தது. அங்குள்ள இன்ஸ்டிடியூட் என்னும் ஊரிலிருந்த ஆலையில் 1985 ஆகஸ்டில் வேறொரு நச்சுக் கசிவு நேர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவம் நாடினர். போபாலில் நடந்தது எங்கோ தொலைவில் நடந்தது என்று அமெரிக்கர்கள் ஆறுதல் கொள்ள இயலாமற் போயிற்று.

இதன் விளைவாக, 1986 அக்டோபரில் அவசரகாலத் திட்டமிடல், சமூக அறியும் உரிமைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் ஒரு பிரிவு, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேர ஊழியர்களைக் கொண்ட உற்பத்தித் தொழிற்சாலைகள், பட்டியலிட்ட 300க்கும் மேற்பட்ட நச்சுப் பொருள்களை வரையறுத்த அளவுக்கு மேல் கையாளுமாயின், ஆண்டுதோறும் காற்றிலும் நீரிலும் நிலத்திலும் எவ்வளவு வெளியேற்றின என்பதை அறிவிக்க வேண்டும் என்றது. இதுவே 'நச்சு வெளியேற்றப் பதிவேடு' எனப்படுவது. 1987ஆம் ஆண்டிற்கான முதற்கணக்கு 1988 ஜூலை 1ஆம் நாளுக்குள் ஒப்படைக்கப்பட வேண்டியிருந்தது. திரட்டிய தரவுகளைக் கணினி வழியாகப் பொதுமக்கள் பார்க்க வகை செய்ய வேண்டும் என்றும் சட்டமே கூறியது.

இப்பதிவேட்டின் தன்மை ஊன்றி நோக்கத்தக்கது. எந்தத் தொழிற்சாலையையும் வெளியேற்றத்தைக் குறைக்குமாறு அது பணிக்கவில்லை. எவ்வளவு வெளியேற்றுகிறாய் என்று சொல் என்று மட்டுமே கேட்டது. ஆயினும் அதன் விளைவு பெரிது. கணக்கு ஒப்படைக்கப்பட வேண்டிய நாளையொட்டி, 1988 ஜூன் இறுதியில், மான்சாண்டோ நிறுவனத்தின் தலைவர் ரிச்சர்டு மகோனி, தம் நிறுவனம் காற்றில் விடும் நச்சுப் பொருள்களை 1992 இறுதிக்குள் 90 விழுக்காடு குறைக்கும் என அறிவித்தார். எந்தச் சட்டமும் அதைக் கேட்கவில்லை. தன் பெயருக்கு நேராக ஓர் எண் அச்சேறப் போகின்றது என்னும் நிலையே அவ்வுறுதிமொழியைப் பிறப்பித்தது எனலாம்.

33/50 திட்டம்

1990 நவம்பரில் தூய்மைக்கேட்டுத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மூலத்திலேயே குறைத்தல், மறுசுழற்சி, சுத்திகரிப்பு, பாதுகாப்பான அகற்றல் என்னும் வரிசைமுறையை அது தேசியக் கொள்கையாக்கியது. அதனை அடியொற்றி, முகமையின் அன்றைய தலைமை நிருவாகி வில்லியம் ரெய்லி 1991 பிப்ரவரியில் '33/50' என்னும் திட்டத்தை அறிவித்தார்.

திட்டத்தின் அமைப்பு எளிமையானது. பென்சீன், ஈயம், பாதரசம், காட்மியம், தொலுயீன் முதலிய 17 பொருள்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1988ஆம் ஆண்டின் அளவை அடிப்படையாகக் கொண்டு, அவற்றின் வெளியேற்றத்தையும் ஆலைக்கு வெளியே கொண்டுசெல்லப்படும் கழிவையும் 1992க்குள் 33 விழுக்காடும், 1995க்குள் 50 விழுக்காடும் குறைப்பது தேசிய இலக்கு. அடிப்படை அளவு ஏறத்தாழ 680 மில்லியன் கிலோகிராம். மிகுதியாக வெளியேற்றிய நிறுவனங்களுக்கு முதலில் அழைப்புக் கடிதம் சென்றது. பின்னர் ஆயிரக்கணக்கான நிறுவனங்களுக்கு அது விரிவாக்கப்பட்டது. ஏறத்தாழ 1,300 நிறுவனங்கள் சேர்ந்தன. எவ்வளவு குறைப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்தது. சொன்னதைச் செய்யாவிடினும் தண்டனை இல்லை. நிறைவேற்றினால் கிட்டுவது பாராட்டுச் சான்றிதழே.

50 விழுக்காட்டு இலக்கு 1994ஆம் ஆண்டிலேயே, அதாவது ஓராண்டு முன்னதாகவே எட்டப்பட்டது. முகமை இதனைப் பெருவெற்றியாகப் பறைசாற்றியது.

வெற்றி யாருடையது?

இவ்விடத்தில் வரலாற்று ஆய்வாளன் நின்று நிதானிக்க வேண்டும். எண் குறைந்தது உண்மை. குறைத்தது இத்திட்டந்தானா என்பது வேறு வினா. மூன்று காரணங்களால் அவ்வினா எழுகின்றது.

முதலாவது, அடிப்படை ஆண்டு 1988. திட்டம் தொடங்கியதோ 1991. இடைப்பட்ட ஆண்டுகளில் நிகழ்ந்த குறைப்பும் திட்டத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது. இரண்டாவது, திட்டத்தில் சேராத நிறுவனங்கள் செய்த குறைப்பும் தேசிய இலக்கில் எண்ணப்பட்டது. மூன்றாவது, 17 பொருள்களுள் கார்பன் டெட்ராகுளோரைடும் 1,1,1-டிரைகுளோரோ ஈத்தேனும் ஓசோன் படலத்தைச் சிதைப்பவை. 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையும் அதன் பின்வந்த திருத்தங்களும் அவற்றை எவ்வாறும் ஒழித்திருக்கும்.

இவ்வினாவை ஆராய்ந்தோரின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. மது கன்னா, லிசா டேமன் ஆகிய இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு, வேதித் தொழில் நிறுவனங்களிடையே இத்திட்டம் குறிப்பிடத்தக்க குறைப்பை விளைவித்தது எனக் கண்டது. சாந்தி காம்பர்-ரவீந்திரன் 2006இல் வெளியிட்ட ஆய்வோ, ஓசோன் படலத்தைச் சிதைக்கும் இரு பொருள்களை நீக்கிப் பார்த்தால், முதன்மையான சில தொழில்துறைகளில் திட்டம் வெளியேற்றத்தைக் குறைத்ததாகக் கூற இயலாது என்றது. மார்ட்டினா விடோவிச்சுடன் இணைந்து கன்னா 2007இல் மேற்கொண்ட மறுஆய்வும், பங்கேற்றோரிடம் காணப்பட்ட குறைப்பு ஏற்கெனவே தொடங்கிய போக்கின் தொடர்ச்சியே என்னும் முடிவின் பக்கம் சாய்ந்தது.

இவ்வேறுபாட்டைக் கண்டு ஆராய்ச்சியே வீண் என எண்ணுதல் கூடாது. நம் நோக்கில் இதன் சிறப்பு வேறோரிடத்தில் உள்ளது. திட்டத்தைப் பாராட்டியோரும் ஐயுற்றோரும் எடுத்தாண்டது ஒரே சான்றை. அது நச்சு வெளியேற்றப் பதிவேடு. ஆலை வாரியாக, பொருள் வாரியாக, ஆண்டு வாரியாகக் கணக்கு இருந்தமையாலேயே, அரசாங்கத்தின் வெற்றி முழக்கத்தை வெளியார் சோதிக்க முடிந்தது. பதிவேட்டிலும் குறை உண்டு. அது நிறுவனங்கள் தாமே தரும் கணக்கு; பல எண்கள் அளந்தவை அல்ல, மதிப்பிட்டவை. எனினும், பொய்க்கணக்குக்குச் சட்டத் தண்டனை உண்டு என்னும் நிலையில், வெறும் வாய்மொழியினும் அது பன்மடங்கு உறுதியானது.

விளக்கும் விண்மீனும்

எரிசக்தித் துறையில் நிகழ்ந்த வளர்ச்சியும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது. 1991 ஜனவரியில் முகமை 'பசுமை விளக்குகள்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. சேர்ந்த நிறுவனங்கள் ஒரு புரிந்துணர்வுக் குறிப்பில் கையொப்பமிட்டன. தம் கட்டடங்களின் விளக்குகளை ஆராய்ந்து, இலாபம் தரக்கூடிய இடங்களில், வெளிச்சத்தின் தரம் குறையாமல், 90 விழுக்காட்டுப் பரப்பை ஐந்தாண்டுகளில் மேம்படுத்துவது அவற்றின் கடப்பாடு. 40 வாட்டுப் பருமனான குழல்விளக்கை நீக்கி 32 வாட்டு மெல்லிய குழல்விளக்கையும் மின்னணுச் சோக்கையும் பொருத்துவது போன்ற எளிய மாற்றங்களே பெரும்பாலும் தேவைப்பட்டன.

இலாபம் உறுதியெனின் நிறுவனங்கள் ஏன் முன்பே செய்யவில்லை? மின்கட்டணம் செலுத்துவது ஒரு பிரிவு. விளக்கு வாங்குவது மற்றொரு பிரிவு. வாடகைக் கட்டடத்தில் செலவு உரிமையாளருடையது, சேமிப்பு குடியிருப்போருடையது. புதிய கருவியின் தரத்தை உறுதி கூறுவாரும் இல்லை. தகவல் இன்மையே இங்கே தடை. அதனைப் போக்கியது அரசாங்கத்தின் பங்கு. 33/50 திட்டத்தில் செலவு நிறுவனத்துக்கும் நன்மை ஊராருக்கும் ஆயின. இங்கோ செலவும் நன்மையும் பெரும்பாலும் நிறுவனத்தையே சார்ந்தன. எல்லாத் தன்விருப்பத் திட்டங்களையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுதல் ஏன் தவறு என்பதை இவ்வேறுபாடு காட்டும்.

1992இல் தோன்றிய 'எனர்ஜி ஸ்டார்' என்னும் விண்மீன் முத்திரை முதலில் கணினிகளுக்கும் கணினித் திரைகளுக்கும் வழங்கப்பட்டது. பயன்படுத்தாதபோது கணினி தானே உறங்குநிலைக்குச் சென்று 30 வாட்டுக்கு மேற்படாத மின்சாரத்தை உண்ண வேண்டும் என்பது அன்றைய விதி. முத்திரை பெறுவது உற்பத்தியாளர் விருப்பம். ஆனால் 1993 ஏப்ரலில் அதிபர் பில் கிளிண்டன் பிறப்பித்த ஆணை, கூட்டரசு அலுவலகங்கள் வாங்கும் கணினிகள் இம்முத்திரைத் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்றது. பெரும் வாடிக்கையாளரான அரசாங்கம் இவ்வாறு கூறியபின், உற்பத்தியாளரின் 'விருப்பம்' எத்துணை உறுதியானது என்பதை விளக்க வேண்டுவதில்லை. 2005ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம் இத்திட்டத்திற்குச் சட்ட வடிவம் அளித்தது.

முத்திரை பெற்ற பெட்ரோல் கடிகாரம்

முத்திரையின் புகழ் வளர்ந்த அளவுக்குச் சோதனை வளரவில்லை. உற்பத்தியாளர் தாமே தகுதி உண்டெனக் கூறினால் பல பொருள்களுக்கு அதுவே போதுமானதாயிற்று. அமெரிக்க அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் இதனைச் சோதிக்க எண்ணிற்று. இல்லாத நிறுவனங்களின் பெயரில், இல்லாத 20 பொருள்களுக்கு முத்திரை கோரி விண்ணப்பித்தது. 2010 மார்ச்சில் வெளிவந்த அதன் அறிக்கையின்படி 15 பொருள்களுக்கு முத்திரை கிடைத்தது. பெட்ரோலால் இயங்கும் துயிலெழுப்பும் கடிகாரம் ஒன்றும் அவற்றுள் அடங்கும்.

நகைப்புக்குரிய இந்நிகழ்வு தந்த படிப்பினை கனமானது. 2011 முதல், அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் சோதித்து, மூன்றாம் தரப்பார் சான்றளித்த பின்னரே முத்திரை வழங்கப்படும் என விதி மாற்றப்பட்டது. முத்திரையைக் கேட்பது இன்னும் தன்விருப்பமே. கேட்டபின் மெய்ப்பிப்பது கட்டாயமாயிற்று.

இதற்கு மறுதலையாக, 2000இல் தொடங்கிய 'பெர்ஃபாமன்ஸ் டிராக்' என்னும் திட்டத்தைச் சுட்டலாம். சட்டத்தின் தேவையைக் கடந்து செயற்படும் தொழிற்சாலைகளுக்குச் சிறப்புத் தகுதியும் குறைந்த கண்காணிப்பும் அது வழங்கியது. 2007இல் முகமையின் தலைமைத் தணிக்கையாளர் மாதிரியாக ஆராய்ந்த உறுப்பினர்களுள் பெரும்பாலோர், தாம் உறுதியளித்த அனைத்தையும் நிறைவேற்றியிருக்கவில்லை. 2009இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. கணக்கு வாங்குவதற்கு முன்பே சலுகை கொடுத்ததே அதன் பிழை எனலாம்.

நம் வட்டாரத்தில்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வரலாறு வேறொரு வரிசையில் நிகழ்ந்துள்ளது. மலேசியாவில் ஐக்கிய நாடுகள் மேம்பாட்டுத் திட்டத்தின் துணையோடு, புசாட் தெனாகா மலேசியா 2000ஆம் ஆண்டையொட்டித் தொழில்துறை எரிசக்தித் திறன் மேம்பாட்டுத் திட்டத்தை நடத்தியது. சிமெண்டு, கண்ணாடி, இரப்பர், உணவு, இரும்பு முதலிய தொழில்துறைகளில், இசைவளித்த ஆலைகள் எரிசக்தித் தணிக்கைக்கு உட்பட்டன. எங்கே வீணாகின்றது என்பதை ஆலைகள் அறிந்தன. ஆயின் அறிந்ததைச் செய்வதும் செய்யாததும் அவற்றின் விருப்பம். 2008ஆம் ஆண்டின் விதிமுறைகள், தொடர்ந்து ஆறு மாதங்களில் 3 மில்லியன் கிலோவாட் மணி அல்லது அதற்கு மேல் மின்சாரம் பயன்படுத்துவோர் பதிவுபெற்ற மின்சக்தி நிருவாகியை நியமிக்க வேண்டும் என்றன. மின்சாரத்தோடு பிற எரிசக்திகளையும் உள்ளடக்கிய எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2024இல் இயற்றப்பட்டு 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

சிங்கப்பூரில் 2002இல் தன்விருப்பமாகத் தொடங்கிய வீட்டு மின்கருவி எரிசக்தி முத்திரை, 2008 முதல் குளிர்சாதனங்களுக்கும் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. எரிசக்தித் திறனுக்கான தேசியப் பங்காளித்துவம் 2010இல் தொடங்கியது. அதில் சேர்வது நிறுவனங்களின் விருப்பம். 2013 முதல் நடைமுறைக்கு வந்த எரிசக்திச் சேமிப்புச் சட்டம், பெருமளவில் எரிசக்தி பயன்படுத்தும் நிறுவனங்கள் அளவை அறிவிக்கவும் மேம்பாட்டுத் திட்டம் சமர்ப்பிக்கவும் பணித்தது. அமெரிக்காவில் கணக்கு முன்னும் கூட்டுறவு பின்னுமாக வந்தன. இங்கோ கூட்டுறவு முன்னும் கணக்கு பின்னுமாக வந்தன. முன்பின் மாறினும் இரண்டும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்தமை நோக்கத்தக்கது.

ஆயினும் ஒரு வேறுபாடு எஞ்சுகின்றது. எரிசக்திக் கணக்கைக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு ஒப்படைப்பது வேறு. ஊரார் படிக்கும்படி வெளியிடுவது வேறு. போபாலுக்குப் பிந்திய அமெரிக்கச் சட்டத்தின் உயிர்நாடி இரண்டாவதாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன இவை. தன்விருப்பக் கூட்டுறவு, நிறுவனத்தின் நலனும் பொதுநலனும் ஒன்றுபடும் இடத்தில் எளிதாகப் பயன் தரும். எரிசக்திச் சிக்கனம் அத்தகையது. இருநலனும் முரண்படும் இடத்தில், அதாவது நச்சு வெளியேற்றம் போன்றவற்றில், பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட கணக்கு இல்லையேல் கூட்டுறவின் பயனை அளக்கவும் வழியில்லை, நம்பவும் வழியில்லை. கட்டாயம் தன்விருப்பத்திற்குப் பகை என்பது வழக்கமான எண்ணம். இவ்வரலாற்றிலோ கட்டாயமே தன்விருப்பத்திற்கு மதிப்பை அளித்துள்ளது.

போபால் மக்கள் அறியாமையில் வைக்கப்பட்டிருந்தனர். அறியும் உரிமை வேறொரு நாட்டு மக்களுக்குச் சட்டமாயிற்று. பிற நாட்டினர் பெற்ற அவ்வுரிமையின் விலையைச் செலுத்தியவர்கள் இந்திய நகரொன்றின் எளிய மக்கள் என்பதைச் சுற்றுச்சூழல் கல்வி கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைத்தல் தகும். தம் ஊரின் ஆலை எதை வெளியேற்றுகின்றது என்று மாணவர் கேட்பராயின், அவ்வினாவிற்கு விடை கிடைக்கும் நாட்டில்தான் அரசாங்கமும் தொழிலும் செய்துகொள்ளும் எந்தக் கூட்டுறவுக்கும் பொருள் உண்டு.